சிறு மனையில் மண்ணுக்கு எவ்வளவு இடம்? மேட்டுப்பாளையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்ட வருகிறார் ஒருவர். அந்த மனையில் எவ்வளவு இடத்தை மண்ணாகவும் மரமாகவும் விட்டுவைக்கும்படி அரசு அவரிடம் கேட்கலாம்? கேட்ட நிபந்தனையை எந்தக் காரணத்துக்காக, யார், எந்த அளவுக்குத் தளர்த்தலாம்? நகரமைப்புச் சட்டங்கள் நூறாண்டுக்கு மேலாக இந்த இரு கேள்விகளுக்கும் வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பெரிய மனைகளையும் பெருநகரங்களையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. இரண்டு சென்ட், ஐந்து சென்ட் மனைகளால் ஆன சிறு நகரங்களுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

மேட்டுப்பாளையம் இதற்குப் பொருத்தமான களம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சியில் வசித்தவர்கள் 69,213 பேர். நீலகிரி மலையடிவாரம், பவானி ஆற்றங்கரை, மலை ரயில் புறப்படும் நிலையம், மலைக் காய்கறிகளும் உருளைக்கிழங்கும் இறங்கும் மண்டிகள் என்று பல நெருக்கடிகள் ஒரே இடத்தில் கூடும் ஊர் இது. ஊட்டி ரோட்டையும் கடைவீதிகளையும் ஒட்டிய நிலத்தின் தேவை கூடக்கூட, மறுகட்டுமானம் பெரும்பாலும் சிறு மனைகளில்தான் நடக்கிறது.

காற்றோட்டத்திலிருந்து பிறந்த விதி

முதல் நிலைப்பாடு பழமையானது: எந்த மனையானாலும் கட்டடத்தைச் சுற்றி வெற்றிடம் (செட்பேக்) விட வேண்டும். இதன் வேர் பொதுச் சுகாதாரத்தில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் கோவையைப் பிளேக் நோய் மீண்டும் மீண்டும் தாக்கியது. நகரில் இன்றும் வழிபாட்டில் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்த அச்சத்தின் சாட்சிகள். நெருக்கமான வீடுகளுக்கிடையே வெளிச்சமும் காற்றும் நுழைய வழி வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றது. 1914-15இல் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதிய நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், பழைய தெருக்களை மொத்தமாக இடிப்பதை எதிர்த்தார். தேவையான இடத்தில் மட்டும் கொஞ்சம் அகற்றி, சிறு சிறு திறந்தவெளிகளை உண்டாக்கினால் போதும் என்றார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1971இன் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் 1972இன் மாவட்ட நகராட்சிகள் கட்டட விதிகளும் அடுத்துத் தொடர்ந்தன. இன்று நடைமுறையில் இருப்பவை 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்.

இந்த மரபின் வலிமை, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது. அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. விதி கேட்பது வெற்றிடத்தை. அந்த வெற்றிடம் மண்ணாக இருக்க வேண்டும் என்று அது பொதுவாக வற்புறுத்துவதில்லை. சிறு மனையில் செட்பேக்காக விட்ட இடத்துக்குள்தான் சம்ப், செப்டிக் டேங்க், போர்வெல், வெளிப்படிக்கட்டு, பைக் நிறுத்துமிடம் எல்லாம் வந்து சேர்கின்றன. மீதியை சிமெண்ட் தளமோ பேவர் பிளாக்கோ மூடிவிடுகிறது. வரைபடத்தில் இடைவெளி இருக்கும், நிலத்தில் ஒரு செடிக்கு இடம் இருக்காது.

இன்னொரு குறையும் உண்டு. கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டில் திறந்தவெளி நடுவில் முற்றமாகவும் பின்னால் பொடக்காலியாகவும் திரண்டு கிடந்தது. கிணறும் முருங்கையும் கறிவேப்பிலையும் அங்கே நின்றன. செட்பேக் விதி அந்த வெளியை நான்கு ஓரங்களுக்கும் ஒதுக்கி மெல்லிய கீற்றுகளாக ஆக்கியது. 40 அடிக்கு 54 அடி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஐந்து சென்ட். இருபக்கமும் மூன்றடி விட்டால் மொத்தம் 324 சதுர அடி போகிறது. அந்த மூன்றடிச் சந்தில் எந்த மரமும் தழைக்காது. அதே 324 சதுர அடியைப் பின்புறம் ஒன்றுசேர்த்தால் 18 அடிக்கு 18 அடிச் சதுரம் கிடைக்கும். ஒரு வேம்போ புங்கனோ வேர்விட்டு நிற்க அது போதும். ஆனால் பக்கவாட்டு இடைவெளியைக் கைவிட்டால் அண்டை வீட்டின் வெளிச்சமும், தீ விபத்தின்போது ஆள் நுழையும் வழியும் குறையும். ஆகவே இது எளிதான பண்டமாற்று அல்ல.

சிறு மனைக்கு விலக்கு வேண்டும் என்போர்

இரண்டாவது நிலைப்பாடு வாழ்வாதாரத்திலிருந்து பேசுகிறது. பாகப்பிரிவினையில் துண்டான மனை, கடைவீதியில் தோளோடு தோள் ஒட்டிய மனை, ஒரே ஒரு வாடகையை நம்பி வாழும் குடும்பத்தின் மனை ஆகியவற்றில் பத்தில் ஒரு பங்கைப் பசுமைக்கென்று கேட்பது, பெரிய மனைக்காரரிடம் அதே பங்கைக் கேட்பதைவிடப் பன்மடங்கு கடினமான சுமை என்பது இவர்கள் வாதம்.

தமிழ்நாட்டின் விதிகள் பல இடங்களில் இந்த வாதத்தை ஏற்றிருக்கின்றன. திறந்தவெளி ஒதுக்கீடு எனப்படும் ஓஎஸ்ஆர் கடமை 3,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைகளுக்கு இல்லை. ஏறத்தாழ 74 சென்ட் வரை விலக்கு என்பது இதன் பொருள். மத்திய அரசின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடங்களுக்கு முன் அனுமதி தேவைப்படுவது 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பிலிருந்துதான். தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கப்பட்ட பழைய கடைவீதிகளில் பக்கவாட்டு இடைவெளியே தேவையில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்கு முன்கூட்டிய கள ஆய்வின்றி இணையத்திலேயே உடனடி அனுமதி தருகிறது. அலைச்சலும் இடைத்தரகும் குறையும் என்பதால் மக்கள் இதை வரவேற்றதில் நியாயம் இருக்கிறது.

ஆயினும் விலக்கு வாதம் ஒரு கணக்கை விட்டுவிடுகிறது. சிறு நகரம் என்பதே சிறு மனைகளின் கூட்டுத்தொகை. ஐந்து சென்ட் மனையில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 10,000 லிட்டர். முழுதும் மூடப்பட்ட மனை அதைத் தெருவுக்குத் தள்ளும். நூறு மனைகள் சேர்ந்து தள்ளினால் அது 10 லட்சம் லிட்டர். தனித்தனியே பொருட்படுத்த வேண்டாதவை என்று விட்டவை கூடும்போது, தாங்க முடியாத சுமையாகச் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேர்கின்றன. எல்லை வகுத்து விலக்குத் தரும் எந்த விதியும், எல்லைக்குக் கீழே மனைகளைத் துண்டாக்கும் ஆசையையும் கூடவே வளர்க்கக்கூடும்.

பணமாகக் கொடு, வேறிடத்தில் நடு

மூன்றாவது நிலைப்பாடு ஈடுசெய்தலை முன்வைக்கிறது. தன் மனையில் இடம் இல்லாதவர் அதற்கான மதிப்பைச் செலுத்தட்டும், அந்தப் பணத்தில் பொதுப் பூங்கா உருவாகட்டும் என்பது இதன் சாரம். ஓஎஸ்ஆர் விதியில் இது ஏற்கெனவே இருக்கிறது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைகளுக்கு 10 சதவீத நிலத்தைத் தருவதற்குப் பதில் வழிகாட்டி மதிப்பைச் செலுத்தலாம். அதற்கு மேற்பட்டால் நிலத்தையே தானமாக ஒப்படைக்க வேண்டும். மரங்களிலும் இதே தர்க்கம் செயல்படுகிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016 அறிவிக்கை 80 சதுர மீட்டருக்கு ஒரு மரம் என்றும், ஒரு மரத்தை வெட்டினால் மூன்று நட வேண்டும் என்றும் கட்டடங்களுக்கு நிபந்தனை வகுத்தது.

ஒரு மூலையில் வாடும் பத்துச் செடிகளைவிட ஊர் நடுவே நன்கு பராமரித்த ஒரு பூங்கா மேலானதாகலாம் என்பது இந்த நிலைப்பாட்டின் பலம். நிலம் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டபின் அதை வேறு பயனுக்கு மாற்ற முடியாது என்று 1991இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியதும் இதற்குத் துணை. ஆனால் தெருவில் இழந்த நிழலை ஊருக்கு வெளியே நட்ட கன்று ஈடுசெய்யாது. நாற்பது வயது மரத்தின் குளிர்ச்சியை மூன்று கன்றுகள் தர இன்னும் பல ஆண்டுகள் ஆகும், அதுவும் அவை பிழைத்தால்தான். கர்நாடகம் 1976இலும் மகாராஷ்டிரம் 1975இலும் டெல்லி 1994இலும் மரப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றி, தனியார் நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வாங்கச் செய்தன. தமிழ்நாட்டில் 1955இன் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளுக்கு மட்டுமே பொருந்துகிறது. சமவெளி நகரங்களின் தனியார் மனைகளில் நிற்கும் மரங்களுக்கு அந்த அளவு அரண் இல்லை. எனவே வீட்டை இடிக்கும்போது முதலில் சாய்வது பெரும்பாலும் மரமே.

மதிப்பெண் முறை

நான்காவது நிலைப்பாடு பரப்பைக் கேட்பதை விட்டுத் தரத்தைக் கேட்கிறது. 1990களில் பெர்லின் வகுத்த முறையில் ஒவ்வொரு வகைத் தளத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. மூடிய தளத்துக்குப் பூஜ்யம், நீர் ஓரளவு இறங்கும் தளத்துக்கு 0.3, ஆழ்மண்ணோடு தொடர்புள்ள செடிப் பரப்புக்கு 1, பசுங்கூரைக்கு 0.7, கொடி படரும் சுவருக்கு 0.5, செடிகொடிப் பரப்பு வழியே நிலத்துக்குள் நீரை அனுப்பும் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 0.2. மொத்தத்தை மனைப் பரப்பால் வகுத்தால் வரும் எண், வணிகக் கட்டடத்துக்கு 0.3, புதிய குடியிருப்புக்கு 0.6 என்ற இலக்கை எட்ட வேண்டும். சுவீடனின் மால்மோவும் அமெரிக்காவின் சியாட்டிலும் இதைத் தத்தம் வழியில் ஏற்றன. சிங்கப்பூர் 2009 முதல், கட்டடம் எடுத்துக்கொண்ட பசுமையை மாடிகளிலும் மொட்டைமாடியிலும் ஈடுசெய்யும் திட்டத்தை நடத்துகிறது.

ஐந்து சென்ட் மனையில் இது எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். மொத்தம் 202 சதுர மீட்டர். கட்டடம் 140, நீர் இறங்கும் தளம் 40, திறந்த மண் சுமார் 20 என்று கொள்வோம். மண்ணுக்கு 20, தளத்துக்கு 12, கூரை நீர் முழுவதையும் நிலத்தில் இறக்கினால் 28, பத்துச் சதுர மீட்டர் கொடிச் சுவருக்கு 5. கூட்டினால் 65, மனைப் பரப்பால் வகுத்தால் 0.32. அதாவது மனையில் 70 சதவீதத்தைக் கட்டடமே எடுத்துக்கொண்டாலும், பெர்லின் வணிகக் கட்டடத்துக்குக் கேட்கும் அளவை மேட்டுப்பாளையத்துக் கடை-வீடு ஒன்று எட்டிவிட முடியும். எவ்வளவு விட வேண்டும் என்ற பிடிவாதத்திலிருந்து எப்படி விடுவது என்ற சிந்தனைக்கு உரிமையாளரை இம்முறை நகர்த்துகிறது. விதிவிலக்குக் கேட்க வேண்டிய தேவையையே பெருமளவு குறைக்கிறது.

இதன் பலவீனம் பின்தொடர்தலில் இருக்கிறது. கொடிச் சுவரும் பசுங்கூரையும் ஏப்ரல், மே வெயிலில் தண்ணீரின்றிப் பிழைக்கா. படத்தில் காட்டிய செடி மூன்றாண்டு கழித்தும் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். சிறு நகராட்சிகளில் அந்த ஆள்பலம் அரிது. மதிப்பெண்ணுக்காக வேகமாக வளரும் அயல் செடிகளை நடும் போக்கும் வரலாம். கோனோகார்பஸ் மரத்துக்கு குஜராத் 2023இலும் தமிழ்நாடு 2025இலும் தடை விதிக்க நேர்ந்தது இதற்கு எச்சரிக்கை.

தண்ணீரை முதலில் வைப்பவர்கள்

ஐந்தாவது நிலைப்பாடு தமிழ்நாட்டின் சொந்த அனுபவத்திலிருந்து வருவது. 2003இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அரசு புதிய, பழைய கட்டடங்கள் அனைத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பெரியது, சிறியது என்ற பாகுபாடு அதில் இல்லை. சிறு மனைக்காரரும் ஒரு பொதுக் கடமையை ஏற்பார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழகத்தில் இல்லை எனலாம். காரணம் எளிமை: குழாய், குழி, கூழாங்கல், மணல். கொத்தனாரே அமைத்துவிடக்கூடியது, அதற்கென இடத்தையும் அதிகம் கேட்காதது.

இதன் குறைகள் இரண்டு. குழி அடைபட்டால் அதைத் தூர்வார வைக்கும் ஏற்பாடு வலுவாக இல்லை. மேலும், தண்ணீரை நிலத்தில் இறக்குவது நிழலையும் பறவையையும் தந்துவிடாது. பசுமை என்ற கேள்வியின் ஒரு பாதிக்குத்தான் இது விடை.

தளர்வின் வரலாறு

விதி எதுவானாலும் தளர்வு எப்படித் தரப்படுகிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அமெரிக்காவில் 1920களில் வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டம், மனையின் தனிப்பட்ட இடர்ப்பாட்டைக் காட்டித் தளர்வு கேட்கும் உரிமையையும், அதைப் பொது விசாரணையில் தீர்மானிக்கும் குழுவையும் ஏற்படுத்தியது. கட்டுவதற்கு முன்பே, அண்டை வீட்டார் அறியக் கேட்பது அதன் அடிப்படை.

தமிழ்நாட்டின் பாதை வேறு. 1971 சட்டத்தின் 113ஆம் பிரிவு விலக்களிக்கும் அதிகாரத்தை மாநில அரசிடம் வைத்தது. அதன்கீழ் 1987-88இல் தரப்பட்ட 62 விலக்கு ஆணைகளை நுகர்வோர் செயல் குழு தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிரிவு செல்லும், ஆனால் சிந்தனையின்றி இயந்திரம்போல் விலக்களிப்பது செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம். அதே தீர்ப்பு, விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த 1998இல் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவை ஒருமுறை மட்டுமான ஏற்பாடாக அனுமதித்தது. அதன் கெடு தேதி பின்னர் 2002 வரை நீண்டது. அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் செல்லாதவை என்றது. பிறகு வந்த 113-சி பிரிவு, 1.7.2007க்கு முன் கட்டியவற்றுக்கு வரன்முறை வழியைத் திறந்தது. செலவு செய்துவிட்டோம், காலம் கடந்துவிட்டது என்ற காரணங்கள் விதிமீறலை நியாயப்படுத்தா என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் கூறியது.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கட்டுவதற்கு முன் நியாயமான தளர்வு கேட்க எளிய வழி இல்லாதபோது, கட்டியபின் மன்னிப்புக் கேட்கும் வழி பெரிதாகிறது. அதில் நேர்மையாகக் கட்டியவரே தோற்றவராகிறார். இழந்த மண்ணும் மரமும் அபராதத்தால் திரும்புவதில்லை.

மலையடிவார ஊரின் தனித் தேவைகள்

மாநிலம் முழுவதற்குமான விதி மேட்டுப்பாளையத்தில் மூன்று இடங்களில் இடறுகிறது. முதலாவது காடு. கல்லாறு பகுதி யானை வழித்தடம். நகரின் ஓரங்களுக்குக் காட்டு யானைகள் வந்துபோவது வழக்கமாகிவிட்டது. பலா, வாழை போன்றவை அவற்றை ஈர்க்கும். நகர் நடுவே நல்ல மரமாக இருப்பது விளிம்பு வார்டில் ஆபத்தை அழைக்கலாம். இங்கே மரப் பட்டியலை வார்டு வாரியாக வகுக்க வேண்டும்; அதற்கான அறிவு ஊரிலேயே உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரியில் இருக்கிறது.

இரண்டாவது ஆறு. பில்லூர் அணை நிரம்பித் தண்ணீர் திறக்கப்படும்போதெல்லாம் பவானிக் கரையின் தாழ்வான குடியிருப்புகளுக்கு எச்சரிக்கை விடப்படுகிறது. மேட்டு மனையில் மூடிய மண், பள்ளத்து வீட்டின் பிரச்சினையாகிறது.

மூன்றாவது மனையின் எல்லை. 2019 டிசம்பர் 2 அதிகாலை, தொடர்மழையில், மேட்டுப்பாளையம் நடூரில் தனியார் வீட்டு மனை ஒன்றின் சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் சரிந்து, அதன் அடிவாரத்தில் இருந்த ஆதிதிராவிடர் குடியிருப்பின் வீடுகள் மீது விழுந்தது. 17 பேர் இறந்தனர். சுவரின் அபாயத்தைப் பற்றி முன்பே முறையிட்டதாக அப்பகுதி மக்கள் கூறினர். தலித் அமைப்புகள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றன. அந்தச் சாவுகளைக் கட்டட விதியின் குறையாக மட்டும் சுருக்குவது அநீதி. ஆனால் மனையின் எல்லையில் என்ன எழுப்பலாம், அங்கே தேங்கும் நீர் எங்கே போகும் என்பவை உரிமையாளரின் சொந்த விஷயங்கள் அல்ல என்பதை இந்த ஊரைவிடக் கொடுமையாக அறிந்த ஊர் இல்லை. பசுமை விதியை அலங்காரமாகப் பார்ப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். நீர் இறங்கும் மண் ஓரம், வடிகால், உயரம் குறைந்த சுவர் ஆகியவை அடுத்த வீட்டாரின் உயிர்ப் பாதுகாப்பும்கூட.

மதிப்பீடு

ஐந்து நிலைப்பாடுகளில் எதுவும் தனியே போதுமானதாகத் தோன்றவில்லை. ஒரே அளவு செட்பேக் மண்ணைக் காக்கவில்லை. முழு விலக்கு ஊரின் மொத்தக் கணக்கை மறைக்கிறது. பணமாகச் செலுத்துவது நிழலை இடம் மாற்றுகிறது. மதிப்பெண் முறைக்குக் கண்காணிப்பு வேண்டும். மழைநீர்க் குழி பாதிப் பணியையே செய்கிறது.

இருப்பினும் சான்றுகள் ஒரு திசையைக் காட்டுகின்றன. சிறு மனையில் பரப்பைத் தளர்த்தலாம். மண்ணையும் நீரையும் பற்றிய கடமையைத் தளர்த்தலாகாது. ஒரு மரத்துக்கு 2016 அறிவிக்கை சொன்ன எண்பது சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டு சென்ட். அந்த அளவுள்ள மனைக்கு ஒரு மரம், அது முடியாத கடைவீதியில் தெருவோரத்தில் அதே உரிமையாளர் பேணும் ஒரு மரம் என்பது தாங்க முடியாத சுமை அல்ல. பக்கவாட்டு இடைவெளியைப் பின்புறம் ஒன்றுசேர்க்க விரும்புவோருக்கு, தீப் பாதுகாப்பும் அண்டை வீட்டின் வெளிச்சமும் உறுதியானால், அனுமதி தரலாம். நின்ற மரத்தைக் காப்பாற்றிக் கட்டுபவருக்குத் தளப்பரப்பில் சிறு சலுகை தருவது, வெட்டியபின் மூன்று கன்று நடச் சொல்வதைவிடப் பயனுள்ளதாகலாம். தரப்படும் ஒவ்வொரு தளர்வும் காரணத்தோடு நகராட்சி அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் வெளியாக வேண்டும்.

விடை காணாதவையும் உள்ளன. சுயசான்றில் கட்டிய வீட்டில் மண்ணும் குழியும் இருக்கின்றனவா என்று யார் பார்ப்பது? கட்டடம் கைமாறினால் மரத்தைப் பேணும் கடமை யாருடையது? வாடகைக்கு இருப்பவர் அந்தப் பொறுப்பில் பங்கேற்பாரா? ஏற்கெனவே முழுதும் மூடிவிட்ட மனைகளில் மண்ணைத் திரும்பத் திறக்கச் சொத்து வரிச் சலுகை போதுமான தூண்டுதலாகுமா? இவற்றுக்குக் கோட்பாட்டால் அல்ல, ஒரு வார்டில் செய்துபார்த்தே விடை காண முடியும். 69,000 பேர் வாழும், வனக்கல்லூரியைத் தன்னிடமே கொண்டுள்ள மேட்டுப்பாளையம் அத்தகைய சோதனைக்கு ஏற்ற அளவுள்ள ஊர். நகராட்சியும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதை இங்கிருந்து தொடங்க வேண்டும்.